வாசகர் கேள்வி - பதில்: குண்டுமல்லி ஏன் பூக்க மாட்டேங்குது?

பூச்செடி பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், ரோஜா, செம்பருத்தி, அரளி எல்லாம் வந்துச்சு, ஆனா கட்டுக்கட்டா வந்தது குண்டுமல்லி பத்திதான். அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இந்தத் தடவை முழுக்க மல்லிக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு.

திண்டுக்கல் வாசகி: அக்கா, மாடியில பெரிய தொட்டியில குண்டுமல்லி வச்சிருக்கேன். இலை பச்சைப்பசேல்னு இருக்கு, கிளையெல்லாம் கொடி மாதிரி நீளமா ஓடுது, ஆனா சீசன்லயும் நாலு பூ பாக்குறதே அபூர்வம். வாரம் தவறாம உரம் போடுறேன், யூரியா கூட போட்டுப் பாத்தாச்சு. இன்னும் என்ன உரம் போடணும்?

எந்த உரமும் வேணாம் தங்கச்சி, முதல்ல யூரியாவ நிறுத்துங்க. நீங்க சொல்றத பாத்தா உங்க செடிக்கு சாப்பாடு கூடிப்போச்சு, வேலை குறைஞ்சுபோச்சு. மல்லி எங்க பூக்கும்னு ஒரு தடவை செடி பக்கத்துல உக்காந்து பாருங்க. பழைய மரக்கட்டை மாதிரி இருக்குற கிளையில ஒரு மொட்டு கூட இருக்காது. புதுசா விட்ட இளம் தளிர், சின்னதா சில ஜோடி இலை விட்டதும் அதோட நுனியில தான் மொட்டு வைக்கும், அதுவும் பெரும்பாலும் மூணு மூணா, நடுவுல ஒண்ணு பெருசா, ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு. நடு மொட்டு முதல்ல விரியும், பக்கத்து மொட்டு பின்னால. அப்ப கணக்கு சுலபம், எத்தனை புதுத் தளிரோ அத்தனை கொத்து. நீங்க கொடி மாதிரி ஓடுதுன்னு சொன்ன நீளக் கிளை இருக்கே, அது செடியோட சத்தை எல்லாம் இழுத்துக்கிட்டு இலையா மட்டும் போய்க்கிட்டே இருக்கும், நுனியில மொட்டு கட்டாது. யூரியாவுல இருக்குற தழைச்சத்து (நைட்ரஜன்) ஜாஸ்தியானா இந்த மாதிரி கிளை தான் பொங்கி வரும், நிழல்ல இருந்தாலும் இதே கதை தான், வெளிச்சம் தேடி நீண்டுக்கிட்டே போகும்.

அதனால ரெண்டு காரியம் பண்ணுங்க. அந்த நீளக் கிளைகளை பாதிக்கு வெட்டி விடுங்க, பயப்படாதீங்க, வெட்டுன இடத்துக்குக் கீழ இருக்குற ஒவ்வொரு கணுவுலயும் ரெண்டு ரெண்டு தளிர் வரும், ஏன்னா மல்லியில இலை எதிரெதிரா ஜோடியா இருக்குது, ஒவ்வொரு இலை மடியிலயும் ஒரு குருத்து தூங்கிக்கிட்டு இருக்கு. ரெண்டாவது, தொட்டிய நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழுற இடத்துக்கு நகர்த்துங்க. மாடின்னு சொல்றீங்க, ஆனா தண்ணித் தொட்டி நிழல்லயோ பச்சை வலை அடியிலயோ இருக்கான்னு பாருங்க, கீரைக்கும் கத்திரிக்கும் போட்ட வலைக்குள்ள மல்லியையும் சேத்து வச்சிடுறவங்க நிறைய பேர். மல்லிக்கு வலை வேண்டாம். சித்திரை வெயில்ல நம்மளால நிக்க முடியாத மாடியில தான் அது கொட்டிக் குடுக்கும். வெயில் காலத்துல வெட்டி விட்டீங்கன்னா ஆறு ஏழு வாரத்துல மொட்டு பாக்கலாம்.

தஞ்சாவூர் வாசகர்: மல்லிகையை வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டையா வெட்டணும்னு சொல்றாங்க. நல்லா இருக்குற செடிய வெட்ட மனசு வரல. எப்ப, எவ்வளவு வெட்டணும்?

மனசு வரலேன்னா செடி வயசாயிட்டே போகும் ஐயா, அடியில கட்டை, மேல ரெண்டு இலை, அவ்வளவுதான் மிஞ்சும். இப்படி வெட்டி விடுற கவாத்து தான் மல்லிக்கு உயிர், மதுரை, திண்டுக்கல் பக்கம் தோட்டத்துக்காரங்கள யாரை வேணா கேட்டுப் பாருங்க, உரத்த விட்டாலும் விடுவாங்க, கவாத்த விட மாட்டாங்க.

குண்டுமல்லிக்கு நேரம் நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை மாசம். தோட்டத்துச் செடியா இருந்தா தரையில இருந்து 45-லருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுட்டு மேல உள்ளதை எல்லாம் வெட்டிடணும், வேளாண் பல்கலைக்கழகமும் இதத்தான் சொல்லுது. தொட்டிச் செடிக்கு ஸ்கேல் எல்லாம் தேவையில்ல, பாதி உயரம்னு வச்சுக்கோங்க. வெட்டுறதுக்கு முன்னால சில நாள் தண்ணிய குறைச்சு செடிய காய விடுங்க, மழை பெஞ்சு ஈரமா இருக்குற நாள்ல வெட்ட வேணாம், வெட்டுவாய் வழியா பூஞ்சை ஏறும். கத்தரி நல்லா பதமா இருக்கணும், நசுங்குன வெட்டு ஆறாது. கணுவுக்கு ஒரு விரக்கடை மேல சாய்வா வெட்டுங்க. காஞ்ச குச்சி, உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு நிக்கிற குச்சி, அடியில இருந்து ஈர்க்கு மாதிரி வர்ற நோஞ்சான் குச்சி, மூணையும் முழுசா எடுத்துடுங்க. மிச்சம் இருக்குற இலையையும் உருவி விடுறது நல்லது, பழைய இலையில ஒட்டிக்கிட்டு இருக்குற பூச்சி முட்டையும் இலைப்புள்ளி நோயும் அதோட போயிடும்.

வெட்டி முடிச்சதும் தான் சாப்பாடு. தரையில இருக்குற செடி ஒண்ணுக்கு வருஷத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல் சத்து (பொட்டாஷ்)னு சிபாரிசு, இத ரெண்டா பிரிச்சு கவாத்து முடிஞ்சதும் ஒரு பாதி, ஜூன் ஜூலையில மறு பாதி. கவனிங்க, தழைச்சத்து மத்த ரெண்டுல பாதி தான். இது வயக்காட்டுச் செடிக்கான கணக்கு, தொட்டியில இதை அப்படியே கொட்டினா வேர் வெந்துடும். தொட்டிக்கு மேல் மண்ணை ரெண்டு அங்குலம் எடுத்துட்டு மக்குன தொழு உரமோ மண்புழு உரமோ நிரப்பி, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு, ஒரு பிடி எலும்புத்தூள் கலந்து விட்டா போதும்.

அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மாசம் செடி சும்மா நிக்கும், மார்கழிக் குளிர்ல துளிர் மெதுவாத்தான் வரும். செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. மாசியில தளிர் அடிச்சு மார்ச்சுல பூ தொடங்கும், ஏப்ரல் மே மாசத்துல உச்சம், அக்டோபர் வரைக்கும் விட்டு விட்டு வரும்.

விருதுநகர் வாசகி: தை மாசம் மட்டும் மல்லிப்பூ விலை ஏன் இப்படி ஏறுது? வீட்டுச் செடியில அப்ப பூ வர வைக்க முடியாதா?

மேல சொன்னதையும் இதையும் சேத்துப் பாருங்க, பதில் அங்கயே இருக்கு. கார்த்திகையில தோட்டமெல்லாம் கவாத்து ஆகி மொட்டையா நிக்குது, வெட்டாத செடியும் குளிருக்கு மொட்டு வைக்காது, ராத்திரிப் பனியில வச்ச மொட்டும் சின்னதா சிவந்து நின்னுடும். அந்த நேரம் பார்த்து பொங்கல், தை முகூர்த்தம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல கிலோ ஆயிரக்கணக்குல போறதுக்கு வியாபாரி மட்டும் காரணம் இல்ல, வரத்தே கிடையாது. மே மாசம் அதே பூ மூட்டை மூட்டையா வந்து விலை சரிஞ்சு, பறிகூலிக்குக் கூட கட்டலேன்னு விவசாயி வயித்துல அடிச்சுக்குற நாளும் உண்டு, அதையும் நாம நினைச்சுப் பாக்கணும்.

வீட்டுல குண்டுமல்லிய தையில பூக்க வைக்க மல்லுக்கட்டாதீங்க, அது ஓய்வெடுக்குற காலம். குளிர் காலத்துல பூ வேணும்னா காக்கட்டான்னு இன்னொரு மல்லி வகை இருக்கு, அது ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோங்க, வாசம் கம்மி, ஆனா கட்டலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நட்சத்திர மல்லிகைன்னு ஒரு ரகம் இருக்கு, அது வேற இனம், வருஷம் முழுக்க பூக்கும். குண்டுமல்லி வாசத்துக்கு ஈடு இல்ல தான், ஆனா சாமி படத்துக்கு தினமும் நாலு பூ வேணும்ங்கிறவங்களுக்கு அது நல்ல செடி.

சென்னை, மேடவாக்கம் வாசகர்: போர் தண்ணி தான் ஊத்துறோம். புது இலை எல்லாம் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல் எல்லாம் போட்டாச்சு. சரியாகல.

நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள், அதுவும் நுனித் தளிர்ல - இது இரும்புச்சத்து பத்தலைங்கிறதுக்கு அடையாளம். பழைய இலை, அடியில உள்ள இலை முழுசா மஞ்சளாகி விழுந்தா அது வேற, ஒண்ணு தண்ணி தேங்குது, இல்ல தழைச்சத்து இல்ல. உங்களுக்கு முதல் கேஸ்.

மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, உங்க போர் தண்ணியில சுண்ணாம்பு அதிகம் இருக்கும், தொட்டி ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க. அந்த சுண்ணாம்பு மண்ணை காரமாக்கிடுது (அமிலத்துக்கு நேர் எதிர்), காரமான மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. இந்த நிலைமையில முட்டை ஓடு போட்டா மேல மேல சுண்ணாம்பு தான் சேரும், தயவுசெஞ்சு நிறுத்துங்க. எந்தச் செடிக்கும் முட்டை ஓடு நல்லதுன்னு வீடியோல வர்றத மல்லிக்கு அப்படியே எடுத்துக்கக் கூடாது.

நாட்டு மருந்துக் கடையில அன்னபேதி உப்புன்னு கேளுங்க, உரக்கடையில ஃபெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு சாயங்காலமா இலையில தெளிங்க. கரைச்ச உடனே தெளிச்சிடணும், வச்சிருந்தா துருநிறமாயி வீணாயிடும். டைல்ஸ்ல பட்டா கறை போகாது, தொட்டிய ஓரமா நகத்திட்டு தெளிங்க. மாசம் ஒரு தடவை, தளிர் பச்சையாகுற வரைக்கும். அதோட மழைத் தண்ணி கிடைக்கும்போது பிடிச்சு வச்சு ஊத்துங்க, ஒரு நல்ல மழையில தொட்டி அடி ஓட்டை வழியா தண்ணி ஓட ஓட நனையட்டும், படிஞ்ச உப்பு கரைஞ்சு போகும்.

சேலம் வாசகி: மொட்டு நிறைய வைக்குது, ஆனா விரியறதுக்குள்ள ஊதா நிறமாகி காஞ்சு விழுது. சில மொட்டுல ஓட்டை வேற. என்ன மருந்து அடிக்கலாம்?

ரெண்டு பேர் சேந்து உங்க செடியில வேலை பாக்குறாங்க அம்மா. ஓட்டை போட்டது மொட்டுப்புழு. ஓட்டை உள்ள மொட்டை ரெண்டா பிளந்து பாருங்க, உள்ள இதழெல்லாம் அரிச்சு, கருப்பா குருணை மாதிரி எச்சம் கிடக்கும், சில நேரம் பச்சை நிறத்துல சின்னப் புழுவே உக்காந்திருக்கும். பக்கத்து மொட்டுங்களை நூலால ஒண்ணா இழுத்துக் கட்டி ஒவ்வொண்ணா தின்னுக்கிட்டே போகும். ஓட்டை இல்லாம மொட்டோட அடி வீங்கி, ஊதாவா சிவந்து, வளைஞ்சு காஞ்சா அது கொசுவ விட சின்னதா ஒரு ஈ பண்ற வேலை. மொட்டுக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சுப்புழு உள்ளயே சாறு குடிக்கும், வளந்ததும் மண்ணுல விழுந்து அங்க கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயா எந்திரிச்சு வரும்.

இந்த மண்ணுல விழுறது தான் நமக்கு சாதகம். காலையில ஒரு நடை, கெட்ட மொட்டு எல்லாத்தையும் கிள்ளி ஒரு கவர்ல போட்டு கட்டி குப்பைக்கு அனுப்புங்க, செடி அடியிலயே போட்டா அதுக்கு வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும். அடி மண்ணை வாரத்துக்கு ஒரு தடவை லேசா கொத்தி வெயில்ல காய விட்டு வேப்பம்புண்ணாக்கு தூவுங்க. வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரையறதுக்கு கொஞ்சம் சோப்புக் கரைசல், மொட்டு ரொம்பச் சின்னதா பச்சையா இருக்கும்போதே தெளிக்க ஆரம்பிங்க, வாரம் ஒரு தடவை. மொட்டு வெள்ளையானதுக்கு அப்புறம் எதுவும் தெளிக்காதீங்க. வீட்டுல பறிச்சு தலையில வைக்கிற பூ, குழந்தைங்க முகர்ந்து பாக்குற பூ, அதுக்கு கடுமையான பூச்சி மருந்து வேணவே வேணாம்.

வெயில் கொளுத்தும்போது இலை மேல பொடிப்பொடியா வெளுத்து, பின்பக்கம் மெல்லிசா வலை தெரிஞ்சா அது செஞ்சிலந்தி. காலையில இலை பின்பக்கம் தண்ணிய வேகமா பீச்சி அடிச்சாலே முக்கால்வாசி போகும். போகலேன்னா நனையும் கந்தகம் (தண்ணியில கலந்து தெளிக்கிற கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம், ஆனா உச்சி வெயில்ல கந்தகம் அடிச்சா இலை பொசுங்கிடும், சாயங்காலம் பாத்து அடிங்க.

கோவில்பட்டி வாசகர்: ஆன்லைன்ல மல்லிகை விதைன்னு பாக்கெட் விக்குறாங்க. வாங்கலாமா? நல்ல கன்னு எங்க கிடைக்கும்? மதுரை மல்லின்னு தனி கன்னு இருக்கா?

விதை வாங்காதீங்க தம்பி. நம்ம ஊர்ல பயிர் பண்ற குண்டுமல்லி காய் பிடிச்சு விதை குடுக்கறது கிடையாது, குச்சி நட்டோ பதியன் போட்டோ தான் பெருக்குறாங்க. பாக்கெட்ல இருக்குறது வேற ஏதாவது செடியா தான் இருக்கும்.

கன்னுக்கு பேர் போனது ராமநாதபுரம் மாவட்டம், ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம் பக்கம். அந்த மணல்ல குச்சி சுலபமா வேர் பிடிக்கும், கன்னை மணல் உதறி கட்டா கட்டி ஊர் ஊரா அனுப்புறாங்க. மதுரையில பூக்குற மல்லிக்கும் பெரும்பாலும் தாய் வீடு அதுதான். இனம் ஒண்ணுதான், தாவரவியல்ல ஜாஸ்மினம் சம்பக். மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது, மதுரையும் அதை ஒட்டின திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் பக்கமும் விளையுற பூவுக்கு அந்தப் பேரு, இதழ் தடிமன், மொட்டு லேட்டா விரியுறது, நாள் தாங்குறது, இதெல்லாம் அந்த மண்ணும் வெயிலும் சேந்து குடுக்குற குணம். அதே கன்னை நீங்க கோவில்பட்டியில வச்சாலும் நல்ல பூ வரும், கரிசல்ல தண்ணி தேங்காம மட்டும் பாத்துக்கோங்க, குழியில மணலும் செம்மண்ணும் கலந்து மேட்டுல நடுங்க. ஒரு அடி நீளம் அகலம் ஆழம் குழி, கன்னுக்குக் கன்னு நாலு அடி இடைவெளி, ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் நடலாம்.

பக்கத்து வீட்டுல நல்லா பூக்குற செடி இருந்தா காசே வேண்டாம். ரொம்ப இளசும் இல்லாம ரொம்ப முத்தினதும் இல்லாம பென்சிலை விட மெல்லிசான குச்சி, ஒரு சாண் நீளம், கீழ் இலைய எடுத்துட்டு ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி மணல்ல நட்டு நிழல்ல வைங்க. அடுக்குமல்லி, இருவாட்சி, ராமபாணம் எல்லாமே இதே இனத்து ரகங்கள் தான், எல்லாத்தையும் இப்படியே போடலாம்.

டொராண்டோ வாசகி: அக்கா, கடையில ஒரு மல்லிகைக் கண்டு வாங்கினனான், சமர் முழுக்க நல்லாப் பூத்தது. விண்டருக்கு உள்ளுக்கு கொண்டு வந்து வச்ச பிறகு இலை எல்லாம் கொட்டிப்போச்சு. செத்துப்போச்சோ எண்டு தெரியேல்ல, எறியவும் மனமில்ல.

எறியாதீங்க. அடித்தண்டுல நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. வெளிச்சம் திடீர்னு குறைஞ்சதுக்கும் ஹீட்டர் காத்துக்கும் இலை கொட்டுறது சகஜம், அந்த வறண்ட காத்துல செஞ்சிலந்தியும் பெருகும், ஒரு தடவை ஷவர்ல வச்சு இலை பின்பக்கம் எல்லாம் கழுவி விடுங்க. தெற்கு பாத்த ஜன்னல் ஓரம் வைங்க, மேல் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி, வசந்தம் வர்ற வரைக்கும் உரம் வேண்டாம். மார்ச்சுல மூணுல ஒரு பங்கு வெட்டி விடுங்க, அங்க உங்களுக்கு அதுதான் கவாத்து மாசம். உறைபனி பயம் போனதும், மே கடைசிக்கு மேல, முதல்ல நிழல்ல ஒரு வாரம் பழக்கிட்டு வெயிலுக்கு கொண்டு போங்க. செப்டம்பர்ல ராத்திரி 10 டிகிரிக்கு இறங்குறதுக்கு முன்னால உள்ள எடுத்துடணும்.

திருநெல்வேலி வாசகி: பிச்சிக்கும் முல்லைக்கும் இதே கவாத்து தானா?

முறை ஒண்ணு, மாசம் வேற. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூணும் வச்சிருந்தீங்கன்னா ஒண்ணு ஒண்ணா மாசத்துக்கு ஒரு செடி வெட்டிக்கிட்டு வரலாம்.

ஸ்ரீரங்கம் வாசகி: வீட்டுல பறிக்கிற பூ சாயங்காலத்துக்குள்ள பழுப்பாயிடுது. கடைப் பூ மட்டும் நாள் தாங்குதே, எப்படி?

பறிக்கிற நேரம் தான் அம்மா. தோட்டத்துல விடியறதுக்கு முன்னாலயே தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு பறிப்பாங்க. அன்னிக்கு சாயங்காலம் விரியப்போற மொட்டு அந்நேரத்துலயே தனியா தெரியும், முந்தின நாள் வரைக்கும் லேசா பச்சை ஓடின மொட்டு பால் வெள்ளையாகி உப்பி நிக்கும். அத மட்டும் காம்போட கிள்ளணும், பச்சை மொட்டை பறிச்சா விரியாம வதங்கிடும். நீங்க பூஜை முடிச்சு எட்டு மணிக்கு வெயில் ஏறி பறிச்சா அதுக்குள்ள சூடேறிடுது. ஆறு மணிக்கு முன்னால பறிச்சுடுங்க. பூ மேல தண்ணி தெளிக்காதீங்க, தண்ணி பட்ட இடம் தான் முதல்ல பழுக்கும், பதிலா ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு அதுல சுத்தி வைங்க, இல்ல வாழை இலையில மடிச்சு டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல.

விட்டுப்போய் செடியிலயே விரிஞ்ச பூவையும் காயவிடாம எடுத்துடுங்க. கொத்துல கடைசி மொட்டும் பறிச்சாச்சுன்னா அந்தக் கிளைய அதுக்குக் கீழ ரெண்டு ஜோடி இலை விட்டு கிள்ளி விடுங்க, அடுத்த தளிர் அங்க இருந்து தான் வரணும்.